பெயர் நம்முடையது, பட்டா யார் பெயரில்?

போன வாரம் எங்கள் குடும்ப டொமைனுக்குப் புதுப்பிப்புப் பணம் கட்டினேன். கட்டியதும் வழக்கம்போல அக்காவுக்கு ஒரு மெசேஜ்: "கட்டியாச்சு, ரசீது அனுப்பியிருக்கேன்." டெல்லியிலிருந்து உடனே பதில் வந்தது: "2014 மாதிரி ஆகாதுல்லடா?" வருஷம் பத்துக்கு மேல் ஓடிவிட்டது. அக்காவின் கேள்வி மட்டும் ஓயவில்லை.

அந்த 2014 கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கூடவே, அன்றைக்குத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது தேடித் தேடிப் படித்த இன்னொரு பழைய கதையும் வருகிறது. இணையத்தில் பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அது எப்படிக் கைமாறிக் கைமாறி நம் வீடு வரைக்கும் வந்தது என்கிற கதை. கொஞ்சம் நீளம்தான். காபியோடு உட்காருங்கள்.

முதலில் கொசுவத்திச் சுருள்

2006. புனேயில் எனக்கு அது மூன்றாவது வாடகை வீடு. இங்கே பதினொரு மாத அக்ரிமெண்ட் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வருஷம் பிறந்தால் வீடு மாறும், வீடு மாறினால் கேபிள்காரர் மாறுவார், கேபிள்காரர் மாறினால் அவர் கொடுத்த மின்முகவரியும் போகும். அக்காவுக்கும் அத்தானின் வேலையால் குவார்ட்டர்ஸ் மாறிக்கொண்டே இருந்தது. கோவில்பட்டியில் அப்பா ஒரு டைரி வைத்திருந்தார். அதில் எங்கள் இரண்டு பேர் பக்கத்திலும் அடித்தல் திருத்தல்தான் அதிகம். "உங்களுக்கு ஒரு லெட்டர் போடணும்னா எந்த அட்ரஸ்லய்யா போட?" என்று ஒருநாள் கேட்டார்.

அந்தக் கேள்விக்காக வாங்கியதுதான் டொமைன். ஊர்ப் பெயரையும் தாத்தா பெயரையும் சேர்த்து ஒரு டாட் காம். வீட்டில் எல்லோருக்கும் அதில் ஆளுக்கொரு முகவரி. புனேயில் ஹோஸ்டிங் விற்றுக்கொண்டிருந்த ஒரு ரீசெல்லர் மூலமாக வாங்கினேன். "எல்லாம் நான் பார்த்துக்கறேன் சார்" என்றார். எனக்கும் ஆபீஸில் பிடுங்க ஏகப்பட்ட ஆணி. பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா 64 வயதில் ஈ-கலப்பை வைத்துத் தமிழில் தட்டச்சு பழகினார். ஞாயிறுதோறும் ஒரு மடல் வரும். கண்மாயில் தண்ணீர் வந்தது, தெருவில் யார் வீட்டில் விசேஷம், கடலை மிட்டாய் விலை என்ன, இப்படி. நாங்கள் பதில் போட்டால் சந்தோஷம், போடாவிட்டாலும் அடுத்த ஞாயிறு தவறாது. 2011இல் அப்பா தவறிவிட்டார். பெட்டியை அப்படியே வைத்திருந்தோம். அம்மாவின் குடும்ப பென்ஷன் வங்கிக் கணக்கு அந்த முகவரிக்குத்தான் பதிந்திருந்தது.

2014 ஆகஸ்டில் அம்மா ஃபோன் செய்தார். "ஏய்யா, பேங்க்ல ரெண்டு மாசமா மெயில்லதான் அனுப்புறோம்ங்காக. அப்பா பெட்டியில ஒண்ணும் வரலையே?"

உலாவியில் எங்கள் பெயரைத் தட்டினேன். இந்தப் பெயர் காலாவதியாகிவிட்டது என்று ஓர் அறிவிப்பு, சுற்றிலும் விளம்பரங்கள். பதறிப்போய் 'ஹூ இஸ்' தேடினேன். யார் பெயரில் டொமைன் பதிவாகியிருக்கிறது என்று காட்டுகிற சேவை அது. (2018க்குப் பிறகு அதில் தனிநபர் விவரங்களைப் பெரும்பாலும் மறைத்துவிட்டார்கள். அப்போது எல்லாமே தெரியும்.) உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இல்லை, அப்பா பெயர் இல்லை. எட்டு வருஷமாக அங்கே இருந்தது ரீசெல்லரின் பெயர்!

ஜேக் அம்மாவின் பட்டியல்

அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்தப் பெயர்களை எல்லாம் யார்தான் வைத்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் போய் நின்ற இடம் கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க். அங்கே எஸ்.ஆர்.ஐ. என்ற ஆராய்ச்சி நிலையம். அதில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணி. படித்தது வேதியியல், எல்லோரும் கூப்பிடுவது ஜேக். 1972இல் அங்கே இந்த வேலைக்கு வந்தவர், 1989 வரை இருந்தார்.

அப்போது இணையம் கிடையாது, அதற்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்தான். கணினிகளுக்கு எண்கள்தான் முகவரி. மனிதருக்கு எண் நினைவில் நிற்காதே, அதனால் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று ஒரே ஒரு கோப்பு, 'ஹோஸ்ட்ஸ் டாட் டெக்ஸ்ட்'. அதை வைத்திருந்தது ஃபைன்லரின் குழு. புதுக் கணினி வந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் பட்டியலில் ஏற்றுவார்கள். மற்ற எல்லோரும் அந்தக் கோப்பை இறக்கிக்கொள்வார்கள். மொத்த வலைக்கும் ஒரே டைரி, எங்கள் அப்பா வைத்திருந்த மாதிரி. அதன் மிச்சம் இன்றைக்கும் உங்கள் கணினியில் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பாக உட்கார்ந்திருக்கிறது, தேடிப் பாருங்கள்.

நான் பதறிப்போய்த் தட்டிய அந்த 'ஹூ இஸ்' இருக்கிறதே, அதுவும் இதே அலுவலகத்தில் 1980களின் தொடக்கத்தில் பிறந்ததுதான். கணினிகளுக்குப் பொறுப்பான ஆட்களைக் கண்டுபிடிக்க ஒரு விலாசப் புத்தகம்.

1983 ஆகஸ்டில் எண்ணியபோது மொத்தம் 562 கணினிகள். 562க்கே பட்டியல் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வைக்கக் கூடாது. எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு கணினியை இடம் மாற்றினாலும் இங்கே கோப்பு மாற வேண்டும். மாறிய கோப்பை எல்லோரும் மறுபடி இறக்க வேண்டும். 1987 டிசம்பரில் எண்ணிக்கை 28,174. பழைய முறையே தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐந்து யோசனைகள், ஓர் ஆறாவது

மாற்று வழி தேடியவர் ஜான் போஸ்டல். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஐ.எஸ்.ஐ. நிறுவனத்தில் இருந்தவர். எண்களையும் பெயர்களையும் கண்காணிக்கும் வேலையைப் பல வருஷம் கிட்டத்தட்ட ஒரே ஆளாகச் சுமந்தவர். அவரிடம் ஐந்து யோசனைகள் வந்திருந்தன. அவற்றைச் சக ஊழியர் பால் மோக்கபெட்ரிஸிடம் கொடுத்து, சமரசமாக ஒன்றைத் தயார் செய்யச் சொன்னார். மோக்கபெட்ரிஸ் ஐந்தையும் ஓரமாக வைத்துவிட்டு ஆறாவதாகத் தானே ஒன்றை வடிவமைத்தார். (ஆபீஸில் நாம் செய்தால் அப்ரைசலில் தெரியும்! :-)) 1983 நவம்பரில் 882, 883 என்ற எண்களில் இரண்டு ஆவணங்களாக வெளிவந்தது டி.என்.எஸ். 1987 நவம்பரில் வந்த திருத்திய வடிவம்தான் இன்றைக்கும் அடித்தளம்.

அவர் செய்தது என்ன? நம் ஊர் வழக்கில் சொன்னால் எளிது. ஒரு நிலத்தைப் பற்றிய விவரம் வேண்டும். கலெக்டர் ஆபீஸில் போய்க் கேட்டால், "எனக்குத் தெரியாது, அந்தத் தாலுகாவில் கேள்" என்பார்கள். தாலுகா ஆபீஸில், "அந்தக் கிராமத்து வி.ஏ.ஓ. இன்னார், அவரைக் கேள்" என்பார்கள். வி.ஏ.ஓ. தன் நோட்டைப் பிரித்துச் சொல்லுவார். யாரிடமும் முழுப் பட்டியல் இல்லை. ஆனால் அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கலெக்டர் ஆபீஸ்தான் ரூட் சர்வர். தாலுகா ஆபீஸ் என்பது டாட் காம், டாட் இன் போன்ற பதிவகம். வி.ஏ.ஓ.தான் உங்கள் நேம்சர்வர். 'என்.எஸ். ரெக்கார்டு' என்றால் இந்தக் கிராமத்துக்கு இவர்தான் வி.ஏ.ஓ. என்று தாலுகாவில் எழுதியிருக்கும் ஒரு வரி. அவர் நோட்டுக்குள்ளே 'ஏ ரெக்கார்டு' என்றால் வீடு எங்கே இருக்கிறது, 'சி-நேம்' என்றால் இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தான், 'எம்.எக்ஸ்.' என்றால் தபாலை யார் வீட்டில் கொடுக்க வேண்டும்.

இந்த எம்.எக்ஸ். முதல் வடிவத்தில் கிடையாது. தபாலுக்கு வேறு இரண்டு ரெக்கார்டுகள் இருந்தன, சரிப்பட்டு வரவில்லை. 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆவணத்தில் எம்.எக்ஸ். வந்தது. எந்நேரமும் வலையில் இணைந்திருக்க வசதியில்லாத கணினிகளுக்காக வேறொரு கணினி தபாலை வாங்கி வைத்துக்கொள்ள அதனால் முடிந்தது. பூட்டிய வீட்டுக்கு வரும் தபாலைப் பக்கத்து வீட்டு மாமி வாங்கி வைக்கிற மாதிரி. உங்கள் டொமைன் ஓரிடத்திலும் மின்மடல் வேறொரு நிறுவனத்திலும் இருக்க முடிகிறதென்றால் அதனால்தான்.

காம், எட்யு, கவ், ஆர்க் என்று வகைவாரியாகப் பிரிக்கும் யோசனை உருவானதில் ஃபைன்லர் குழுவுக்குப் பங்கு உண்டு. 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிந்தது. அந்தப் பெயரும் 2009இல் வேறொருவருக்கு விற்கப்பட்டுவிட்டது. முதல் வீட்டுக்காரரே இப்போது அந்த வீட்டில் இல்லை.

ஜூஹூவில் டாட் இன்

நம் ஊருக்கு வருவோம். 1989 மே மாதம் டாட் இன் ஒதுக்கப்பட்டபோது அதைப் பார்த்துக்கொண்டது மும்பை ஜூஹூவில் இருந்த என்.சி.எஸ்.டி., அதாவது தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம். பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். அதற்குமுன்பே எர்நெட் என்ற கல்வி வலை இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 90களில் படித்தவர்களுக்கு 'ஐஐடிஎம் டாட் எர்நெட் டாட் இன்' என்று முடியும் முகவரி ஞாபகம் இருக்கும்.

அந்தக் காலத்தில் டாட் இன்னில் பெயர் வாங்க ஏகப்பட்ட கட்டுப்பாடு. தனிமனிதன் தன் வீட்டுப் பெயரில் ஒன்று வாங்குவது நடக்கிற காரியமில்லை. 2004இல் அரசு கொள்கையை மாற்றியது. 2005 தொடக்கத்தில் நிக்ஸி என்ற அமைப்பின் கீழ் புதுப் பதிவகம் வந்து எல்லோருக்கும் கதவு திறந்தது. அதே 2005இல் சென்னை, மும்பை, டெல்லி மூன்று ஊரிலும் ரூட் சர்வர்களின் நகல்கள் வைக்கப்பட்டன. கலெக்டர் ஆபீஸின் கிளை நம் ஊருக்கே வந்த மாதிரி.

தமிழுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 2007 அக்டோபரில், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் டொமைன் வேலை செய்யுமா என்று உலகம் முழுக்கச் சோதித்தார்கள். பதினொரு சோதனைப் பெயர்களில் தமிழும் ஒன்று. முகவரி என்ன தெரியுமா? 'உதாரணம்.பரிட்சை'! அதைத் தட்டிப் பக்கம் திறந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பரிட்சையில பாஸா?" என்று கேட்டார். பாஸ்தான். 2013இல் சோதனைப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா மூன்றும் தமிழ் எழுத்திலேயே ரூட்டில் ஏறியிருந்தன.

பணம் நுழைந்தது

1995 செப்டம்பர் வரைக்கும் டாட் காம் இலவசம். அதன்பின் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் வாங்க ஆரம்பித்தது. ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் வைத்திருக்கலாமா, ரூட் யார் கையில் என்று சண்டை கிளம்பியது. 1998 ஜனவரி 28 அன்று போஸ்டல், ரூட் சர்வர் நடத்தியவர்களில் எட்டுப் பேருக்கு ஒரு மடல் போட்டார்: இனி அந்த நிறுவனத்தின் கணினியிலிருந்து அல்ல, எங்கள் கணினியிலிருந்து பட்டியலை எடுங்கள். எட்டுப் பேரும் எடுத்தார்கள். சட்டமோ ஒப்பந்தமோ இல்லை, அவர் சொன்னார் என்பதற்காகத்தான். வெள்ளை மாளிகை வரைக்கும் ஆடிப்போனது. அது ஒரு சோதனை என்று சொல்லி அவரும் பழையபடி மாற்றிக்கொண்டார். அந்த வருஷம் செப்டம்பரில் ஐகேன் என்ற அமைப்பு பதிவானது. அக்டோபர் 16 அன்று போஸ்டல் காலமானார், 55 வயது. அடுத்த வருஷம் போட்டி நிறுவனங்கள் வந்தன, விலை இறங்கியது. ரீசெல்லர்கள் முளைத்தார்கள். அந்த வழியில்தான் என் 2006ஆம் வருஷமும் வந்தது.

புதுப்பிக்க மறப்பது நம் தனிச்சொத்து இல்லை என்பதும் அன்றிரவுதான் தெரிந்தது. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் 'பாஸ்போர்ட் டாட் காம்' பெயரைப் புதுப்பிக்க மறந்து, பலருக்கு ஹாட்மெயில் திறக்கவில்லை. வெளியாள் ஒருவர், லினக்ஸ் ஆலோசகர், தன் கார்டிலிருந்து 35 டாலர் கட்டி மீட்டுக் கொடுத்தார்.

எங்கள் 35 டாலர்

எங்களுக்கு அப்படி ஒருவர் வரவில்லை. ரீசெல்லர் 2013 கடைசியிலேயே கடையைக் கட்டிவிட்டிருந்தார். 2014இல் பில் வரவில்லை, நானும் கவனிக்கவில்லை. பதிவு நிறுவனத்தைக் கூப்பிட்டால், "ரெக்கார்டில் உள்ள மின்முகவரியிலிருந்து மடல் வந்தால்தான் பேசுவோம்" என்றார்கள். அந்த மின்முகவரியோ ரீசெல்லரின் சொந்த டொமைனில். அதுவும் காலாவதி!

டாட் காம் காலாவதியானால் சில வாரம் சாதாரண விலையிலேயே புதுப்பிக்க விடுவார்கள். அதன்பின் பதிவகத்தில் 30 நாள் மீட்புக் காலம், அபராதம் உண்டு. அதுவும் போனால் 5 நாள். பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நாங்கள் மீட்புக் காலத்தில் பதினொராவது நாளில் இருந்தோம்.

எனக்குப் பயம் பெயர் போய்விடும் என்பதில் இல்லை. பெயரை வாங்குகிறவர் எம்.எக்ஸ். ரெக்கார்டைத் தன் பக்கம் திருப்பினால், அப்பா பெயருக்கு வரும் வங்கி மடல் அத்தனையும் அவருக்குப் போகும். டொமைன் என்னுடையது என்று மெயில் நிறுவனத்திடம் நிரூபித்துப் பெட்டியையே கேட்டாலும் கேட்கலாம். அதில் அப்பாவின் ஐந்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

இன்னொன்றும் உறுத்தியது. இரண்டு மாதமாக அந்த முகவரிகள் செத்துக் கிடந்தது எனக்கோ அக்காவுக்கோ தெரியவே இல்லை. அப்பா போன பிறகு நாங்கள் இருவருமே அதில் எழுதுவதை நிறுத்தியிருந்தோம். கவனித்தது அம்மா ஒருத்திதான்.

ரீசெல்லரின் பழைய கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ்காரர் மூலம் அவர் நாசிக்கில் இருப்பது தெரிந்து, சனிக்கிழமை பஸ் ஏறினேன். மனிதர் நல்லவர்தான், கடன்பட்டு நொந்திருந்தார். எல்லா வாடிக்கையாளருக்கும் தன் பெயரையே போட்டிருக்கிறார், "சுலபமா இருக்கும்னு" என்றார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை நகலும் கொடுத்தார். எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் கட்டி, பத்தொன்பதாம் நாள் பெயர் திரும்ப வந்தது.

வந்த குஷியில் அடுத்த முட்டாள்தனம். டொமைனை என் பெயருக்கு மாற்றிய கையோடு நேம்சர்வரையும் மாற்றினேன். புது நோட்டில் எம்.எக்ஸ். எழுத மறந்துவிட்டேன். தாலுகாவில் வி.ஏ.ஓ. மாறிவிட்டார், புது வி.ஏ.ஓ.விடம் நோட்டு காலி! டாட் காமின் என்.எஸ். வரிகளை மற்ற கணினிகள் 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள், நினைவில் வைத்திருக்கலாம். அதனால் பழையதும் புதியதும் கலந்து, சிலருக்கு மடல் போனது, சிலருக்குத் திரும்பியது. "உன்னை நம்பி நாசிக்குக்கு அனுப்பினேன் பாரு" என்றாள் அக்கா.

எங்கள் வீட்டில் இப்போது உள்ள பழக்கங்கள் இவை:

1. வருஷத்துக்கு ஒருமுறை டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கணக்கில் நுழைந்து பார்ப்பது. பில் உங்களிடம் இருப்பதாலேயே பெயர் உங்களுடையது ஆகிவிடாது.

2. தொடர்பு மின்முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற கதை அது.

3. நேம்சர்வர் மாற்றும்முன் எல்லா ரெக்கார்டையும் புது இடத்தில் எழுதிச் சரிபார்ப்பது. அதன்பிறகே என்.எஸ். மாற்றுவது. இரண்டு மூன்று நாள் பழையதை அழிக்காமல் விடுவது.

4. டாட் காமை அதிகபட்சம் 10 வருஷத்துக்கு முன்கூட்டியே கட்டலாம். நாங்கள் வேண்டுமென்றே வருஷாவருஷம் கட்டுகிறோம், ஞாபகம் இருக்க வேண்டுமே என்று.

5. கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருப்பது. ஒருவருக்கு ஏதாவது ஆனால் இன்னொருவர் வேண்டும்.

உங்கள் வீட்டு டொமைன் யார் பெயரில் இருக்கிறது? பார்த்துவிட்டு வந்து பின்னூட்டத்தில் சொல்லுங்கள். ரீசெல்லர் பெயரில் இருந்தால் அவர் நல்லபடியாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

பி.கு.: 2014க்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மடலை நானும் அக்காவும் மாற்றி மாற்றி எழுதுகிறோம், அம்மா முகவரிக்கு. இந்த வாரம் என் முறை. கடலை மிட்டாய் விலையை அம்மாவிடமே கேட்டுத்தான் எழுத வேண்டும்.